‘இருக்கும்’ என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை

“பிரைமர் பெட்டி அலமாரியில இருக்கா, அண்ணாச்சி?”

“இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

“நேத்து சாயங்காலம் பார்த்தேன். இருக்கும்.”

“நேத்து பாத்தது நேத்து. இன்னைக்கு?”

எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. திரும்பி வந்து, கொஞ்சம் வீறாப்பாகவே, “சொன்னேன்ல, இருக்குன்னு” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை நுனிவரை இறக்கி என்னைப் பார்த்தார்.

“இருக்குன்னு நீங்க எப்ப சொன்னிய? இருக்கும்னு சொன்னிய. அது ஜோசியம். பலிச்சிட்டு. அதுக்காக ஜோசியருக்கு இங்க வேலை குடுக்க முடியுமா?”

நான் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை, ஏழே கால் மணிக்கு நடந்த பேச்சு இது. அன்றிரவே டைரியில் எழுதிவைத்தேன். கோபத்தில் எழுதியது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வளைகுடாவில் இருபத்தோரு வருடம் முடித்திருந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது இளைய பெண் ஒருவர் என் வினைமுற்றைத் திருத்துகிறார்.

நாம் இந்த ‘இருக்கும்’ என்ற சொல்லை எத்தனை இடத்தில் போடுகிறோம் என்று அதன் பிறகுதான் கவனித்தேன். சாவி எங்கே? மேசையில் இருக்கும். கேஸை மூடியாச்சா? மூடியிருப்பேன். பையன் சாப்பிட்டானா? சாப்பிட்டிருப்பான். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் இடத்திலெல்லாம் இந்த ‘உம்’மும் ‘இருப்பேனு’ம் வந்து கைகொடுக்கின்றன. கேட்டவருக்கும் பதில் கிடைத்த நிம்மதி. ‘செய்யும்’ என்னும் முற்று என்று இலக்கணத்தில் படித்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பதை எந்த உரையாசிரியரும் எனக்குக் காட்டவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு வேதியியல் பட்டதாரி காட்டினார்.

அமீரகத்தில் எந்த எமிரேட், எந்தக் கிளப் என்று சொல்லப்போவதில்லை. நகரம் முடிந்து, லாரி மெக்கானிக் கடைகள் முடிந்து, ஒட்டகப் பண்ணைகள் தொடங்கும் இடத்தில் இருந்தது என்பது போதும். கோவிட் வருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள், நான்கு மாதங்கள் அங்கே இருந்தேன். அவர் எனக்கு முன்பே அங்கே ஐந்து வருடம் முடித்தவர். சுடுமைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி. செவ்வாயும் புதனும் பெண்களுக்கான நாட்கள். அன்றைக்கு அவர்தான் பயிற்றுநர். மற்ற நாட்களில் தோட்டா அறை. அவருக்குக் கீழே பெஷாவர்க்காரர் ஒருவர் உதவியாளர். நாங்கள் கான் பாய் என்போம். ஆறடி இரண்டங்குலம். அவர் இந்தப் பெண்மணியை ‘பாஜி’ என்று அழைப்பார். அக்கா என்று அர்த்தம். பாஜி மைதானத்தில் விசில் ஊதினால் முதலில் நிற்பது கான் பாய்தான்.

பாஜி கல்லூரியில் என்.சி.சி.யில் சுடக் கற்றவர். கல்யாணமாகிக் கணவரோடு இங்கே வந்து, நாலு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவிக்கொண்டிருந்தபோது, பெண் பயிற்றுநர் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாராம். “பொம்பளைக்குக் குடுக்க மாட்டான்னு எல்லாரும் சொன்னாவ. அவன் பொம்பளைதான் வேணும்னு கேட்டிருக்கான். யாரும் விளம்பரத்தை வாசிக்கல” என்பார்.

காலை ஆறு மணிக்கு, கிளப் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அவருடைய சொந்தப் பயிற்சி. கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் காதடைப்பான் வைக்கும் பெட்டியில் போடுவார். ஆறு குண்டு ரிவால்வர். முதல் இருபது நிமிடம் தோட்டாவே கிடையாது. காலித் துப்பாக்கியின் குழல்மேல், முனைக்குப் பக்கத்தில், ஒரு இருபத்தைந்து ஃபில்ஸ் நாணயத்தை வைப்பார். பிறகு விசையை மெதுவாக இழுப்பார். உருளை சுழலும், சுத்தி பின்னுக்குப் போகும், விழும். நாணயம் விழக்கூடாது. அறுபது தடவை. நாணயம் ஒருமுறை விழுந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து. ஐம்பத்தெட்டில் விழுந்து அவர் மறுபடி ‘ஒண்ணு’ என்று தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதை நிச்சயமாகவே சொல்கிறேன்: ஏப்ரல் மாதம், புழுதிக்காற்று அடித்த ஒரு திங்கட்கிழமை.

அதன் பிறகுதான் தோட்டா. ஒவ்வொரு குண்டும் சுட்டவுடன், தொலைநோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன்னால், குண்டு எங்கே பட்டது என்று வாய்விட்டுச் சொல்வார். கடிகார முள் கணக்கில். “ஒன்பது. நாலு மணி.” ஒன்பதாம் வளையத்தில், நாலு மணி முள் இருக்கும் திசையில் என்று பொருள். பிறகு பார்ப்பார். விசை விழுந்த அந்தக் கணத்தில் குழல் முனையிலுள்ள முன்குறி எங்கே நின்றது என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தால், இலக்கைப் பார்க்காமலே சொல்ல முடியும். தெரியாவிட்டால் கண்ணை மூடியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு நாள் “ஒன்பது. ஏழு மணி” என்றார். பார்த்தால் பத்து. நடுமையத்தில் பட்டிருந்தது. கான் பாய் கை தட்டினார். “மாஷா அல்லாஹ், பாஜி!”

அவர் உருளையைத் திறந்து மிச்சமிருந்த ஐந்து தோட்டாக்களையும் கவிழ்த்தார். “கலாஸ். இன்னைக்குப் போதும்.”

“பாஜி, பத்து விழுந்திருக்கு!”

“நான் ஒன்பதுன்னு சொன்னேன். அப்ப இந்தப் பத்து யாருது?”

அன்று முழுக்க அவருக்கு முகமே சரியில்லை.

இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. கீழக்கரையிலிருந்து வந்து துபாய் தேராவில் மொத்தக் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், ‘காக்கா’ என்போம். நல்ல மனிதர். பேச்சு கொஞ்சம் கூடுதல். வாரா வாரம் வியாழக்கிழமை மாலை பெரிய ரிவால்வர் எடுத்துச் சுடுவார். குண்டெல்லாம் இலக்குக்குக் கீழே மண்ணில் போகும். துப்பாக்கியைக் குறை சொல்வார், வெளிச்சத்தைக் குறை சொல்வார். ஒரு வியாழன் மாலை, ரமலானுக்கு இரண்டு வாரம் முன்னால், பாஜி போய்க் கையை நீட்டினார்.

“குடுங்க காக்கா, நான் ரொப்பித் தாரேன்.”

உருளையை அவருக்குத் தெரியாமல் நிரப்பினார். ஆறு அறையில் நாலில் நல்ல தோட்டா, இரண்டில் ஏற்கெனவே சுட்ட காலிக்கூடு. எது எங்கே என்று சுடுபவருக்குத் தெரியாது. காக்கா இரண்டு சுட்டார். மூன்றாவது ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் அரை அடி கீழே குத்திட்டு இறங்கி, மேலே வந்தது. வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை தானாக அமுக்கியது. பின்வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தோம்.

“நான் பயப்படலைமா” என்றார் காக்கா.

“நீங்க பயப்படல. துப்பாக்கிதான் பயந்து குனிஞ்சிட்டு.”

காக்காவே முதலில் சிரித்தார். பிறகு ஆறு மாதம் அந்தப் பயிற்சியை மட்டும் செய்தார். அவர் கொண்டுவந்து வைக்கும் ஒரு டப்பா தொதல், அவர் ஊர் இனிப்பு, எங்கள் அலுவலக மேசையில் எப்போதும் இருந்தது. இதற்கு நேர்மாறாக, இதே பயிற்சியைச் செய்யவைத்ததற்காக உறுப்பினர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டு பேர். இருவருக்காகவும் மேனேஜர் பாஜியைக் கூப்பிட்டுப் பேசினார்.

மேனேஜர் சென்னைக்காரர். மாம்பலம். கெட்டவர் இல்லை. உறுப்பினர்கள் முகம் கோணாமல் இருந்தால் கிளப் நடக்கும், கிளப் நடந்தால் எல்லாருக்கும் விசா இருக்கும் என்று நம்பியவர். “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க மேடம்” என்பது அவருடைய வாக்கியம். “அனுசரிக்கேன் சார். குண்டுதான் அனுசரிக்க மாட்டேங்கு” என்பது இவருடைய பதில்.

இனித் தோட்டா அறை. கிளப்பில் பெரிய ரிவால்வர் வைத்திருந்த ஐந்தாறு உறுப்பினர்கள், வருடத்துக்கு ஒருமுறை ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள். ரைபிள் இல்லாமல் கைத்துப்பாக்கியால் வேட்டை. ஐம்பது அறுபது கெஜம்வரை நெருங்கிப் போய்ச் சுட வேண்டும். அவர்களுக்குக் கடைத் தோட்டா ஒத்துவராது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிடித்த மருந்து அளவு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்துக் கையால் தோட்டா கட்டித் தரக் கிளப்புக்கு அனுமதி இருந்தது. சுட்ட பித்தளைக்கூட்டைத் துலக்கி, அடியில் தீப்பொறி தரும் பிரைமரைப் பொருத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, ஈயக் குண்டை வாயில் உட்காரவைத்து அமுக்க வேண்டும். வெடிமருந்தை அவர் வெறும் ‘மருந்து’ என்றுதான் சொல்வார். “மருந்துன்னாலே அளவுதான். கூடினாலும் ஆளைக் கொல்லும், குறைஞ்சாலும் கொல்லும்.” கூடினால் துப்பாக்கி வெடிக்கும். குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கி நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அப்போதும் வெடிக்கும்.

அவர் சுத்த சைவம். ஒரு மிருகத்தையும் சுட்டதில்லை. வேட்டைக்காரர்களுக்குத் தோட்டா கட்டித் தருகிறீர்களே என்று நான் ஒருமுறை கேட்டேன். “அவன் எப்படியும் சுடத்தான் போறான், அண்ணாச்சி. மோசமான தோட்டாவால சுட்டா மான் காயத்தோட ரெண்டு நாள் ஓடும். என் தோட்டாவால சுட்டா அங்கனயே விழும். அட்டையில விலகிப் போனா ஓட்டைதான். மான்மேல விலகிப் போனா?” என்றார்.

தோட்டா அறையில் செல்போன் கூடாது. பேச்சு கூடாது. வரிசைக்குப் பத்தாக ஐம்பது குழியுள்ள மரப்பலகையில் ஐம்பது கூடும் நிற்கும். எல்லாவற்றிலும் மருந்து போட்டான பிறகு, குண்டு உட்காரவைப்பதற்கு முன்னால், டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். அந்தப் பெரிய கூட்டில் தவறுதலாக இரண்டு அளவு விழுந்தாலும் வழியாது, உள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் பார்ப்பது இரண்டு ஜோடிக் கண். முதலில் அவர். பிறகு இன்னொருவர். பெரும்பாலும் நான். இருவரும் பதிவேட்டில் கையெழுத்து. இந்த விதியை எழுதியவர் அவரே. மேனேஜர் சீல் வைத்திருந்தார்.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. தென்னாப்பிரிக்க என்ஜினியர் ஒருவர், எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவி, கிளப்புக்குப் பல உறுப்பினர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர், அன்று இரவு விமானத்தில் ஊருக்குப் போகிறார். இம்பாலா மான் வேட்டை. ஐம்பது தோட்டா. எடுத்துப்போகும் அனுமதிச் சீட்டும் அதே ஐம்பதுக்கு வாங்கியாயிற்று. மாலை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்.

பன்னிரண்டரை மணிக்கு பாஜி தம் பங்கைப் பார்த்து முடித்தார். என்னைக் கூப்பிட்டார். டார்ச்சை வாங்கி முதல் வரிசை பார்த்தேன், இரண்டாம் வரிசை பார்த்தேன். கதவு தட்டப்பட்டது. சரக்கு வந்திருக்கிறது, கையெழுத்து வேண்டும் என்று ஆள். போய்ப் போட்டுவிட்டு வந்து மறுபடி டார்ச் எடுத்தேன். எந்த வரிசையில் விட்டேன் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். முடித்தேன். தலையாட்டினேன். அவர் குண்டுகளை உட்காரவைத்தார்.

இரண்டு மணிக்குப் பதிவேட்டை நீட்டினேன். பேனாவை எடுத்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அம்பதும் பாத்தியள்லா, அண்ணாச்சி?”

“பார்த்திருப்பேன்.”

சொல்லிவிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அவர் பேனாவை மூடினார்.

“நடுவுல எந்திரிச்சுப் போனிய. திரும்பி வந்து எந்த வரிசையில ஆரம்பிச்சிய?”

மூன்றா, நான்கா? யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசிக்கிறேனோ அவ்வளவு தெரியவில்லை. “மூணு... மூணாத்தான்—” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். “தெரியலை.”

“இது பதில்” என்றார். கோபமே இல்லை. “முதல்லயே இதைச் சொல்லலாம்லா?”

பதிவேட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். “நீங்க பார்த்தீங்கல்ல?”

“நான் பாத்தேன். அது ஒரு ஜோடி. புஸ்தகத்துல ரெண்டு ஜோடின்னு எழுதியிருக்கு.”

மேனேஜர் வந்தார். எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றார். கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசப்படும், குண்டுக்குக் குண்டு வித்தியாசப்படும், அதற்குள் கூடுதல் மருந்து மறைந்துபோகும் என்று பாஜி விளக்கினார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். “நாளைக்கு மத்தியானம் தாரேன் சார்.”

“அவர் ராத்திரி ஃபிளைட், மேடம்.”

“அப்ப தோட்டா இல்லாமப் போவட்டும்.”

நாலு மணிக்கு என்ஜினியர் வந்தார். அவரோடு எல்லாம் ஆங்கிலத்தில். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது. இந்தப் பெண்மணி கட்டிய தோட்டாவைத் தவிர வேறு எதையும் அந்தத் துப்பாக்கியில் போடுவதில்லை என்று எல்லாரிடமும் பெருமையடித்தவர் அவர். “என் துப்பாக்கி. என் கை. என் முகம். என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்றார்.

“அங்கே உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவனிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்” என்றார் அவர்.

மேனேஜர் தமிழுக்கு மாறினார். “மேடம், இது ஆர்டர். பெட்டியைக் கொடுங்க.”

மேசையில் பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று கிடந்தது. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்துத் தரையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து தனியே கொட்டும். கட்டிய தோட்டாவைப் பிரிக்கும் கருவி. அவர் பெட்டியைத் திறந்து முதல் தோட்டாவை எடுத்து அதற்குள் வைத்தார். மேனேஜர் முகத்தைப் பார்த்தபடியே தரையில் ஓங்கி ஒரு தட்டு. இரண்டு. மூன்றாவது தட்டில் குண்டு கழன்றது.

“இப்ப நாப்பத்தொம்பதுதான் இருக்கு, சார். சீட்டுல அம்பதுன்னு இருக்கு. குடுக்க முடியாது.”

என்ஜினியர் வெளியே போனார். கார்க் கதவைச் சாத்திய சத்தம் உள்ளே கேட்டது.

ஆறே முக்கால்வரை பாஜி தட்டினார். கான் பாய் வந்து கேட்டார், நான் கேட்டேன். சுத்தியலை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் கொட்டிய மருந்தைத் தராசில் வைத்து எடையைச் சொல்வார். நான் எழுதுவேன். ஐம்பதும் சரியாக இருந்தன. ஒன்றில்கூட ஒரு துளி கூடவோ குறையவோ இல்லை.

மேனேஜர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “பார்த்தீங்களா? ஒண்ணுலகூட தப்பு இல்ல.”

“இல்லன்னு இப்பத் தெரியுது சார். நாலு மணிக்கு உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

“இதுக்காகவா இவ்வளவு?”

“இதுக்காகத்தான்.”

என்ஜினியர் விமான நிலையத்திலிருந்தே புகார் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள் அப்போது, மேனேஜர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பாஜி கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. உறுப்பினருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி. காரணமின்றித் தோட்டாக்களைத் தராமல் நிறுத்திவைத்தேன் என்று ஒரு வரி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனி அந்த ஜூன் மாதத்தோடு மூடிவிட்டது. கணவரும் மகளும் இவருடைய விசாவில்தான் இருந்தார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு. இது மேனேஜருக்கும் தெரியும். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னார். “பொண்ணு பரீட்சையை நினைச்சுப் பாருங்க மேடம். ரெண்டு வரி. யார் படிக்கப்போறா?”

பாஜி கடிதத்தை முழுக்க வாசித்தார். என் பேனாவை வாங்கி, ‘காரணமின்றி’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் அடித்தார். அடியில் கையெழுத்திட்டு நீட்டினார்.

“சிரமத்துக்கு வருத்தம்தான், சார். மனசாரச் சொல்லுதேன். அந்த ரெண்டு வார்த்தை மட்டும் வேண்டாம். அது இருந்தா, நாளைக்கு என் இடத்துக்கு வாரவன் பிரிக்க மாட்டான். குடுத்திருவான்.”

“ஹெட் ஆபீஸ் இதை ஏத்துக்காது.”

“ஏத்துக்காண்டாம்.”

மேனேஜர் பிறகு என்னைக் கூப்பிட்டார். ஐம்பதையும் சரிபார்த்தேன் என்று நான் எழுதிக்கொடுத்தால் பாஜி மறுத்ததற்குக் காரணமில்லை என்பது உறுதியாகும். என் விசாவும் அதே மேசையில்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். பத்து நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இருபது கூடுகள் பார்த்தது நிச்சயம், மிச்சம் முப்பதும் பார்த்தேனா என்று தெரியாது என்று எழுதினேன். மேனேஜர் வாசித்துவிட்டு, “நீங்களுமா?” என்றார். அந்தத் தாள் கோப்பில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அது பாஜியின் வேலையைக் காப்பாற்றவில்லை என்பது தெரியும்.

குடும்பம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவர் ஊருக்குப் போனார். பாஜியும் மகளும் தேராக் காக்கா ஏற்பாடு செய்த விசிட் விசாவில், காக்காவின் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், தேர்வு முடியும்வரை இருந்தார்கள். நாலு மாதம். மகள் எழுதி முடித்தாள். அந்த நாலு மாதத்தில் மேனேஜர் இரண்டு தடவை ஆளனுப்பினார், அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது என்று. “அடிச்சது அடிச்சதுதான்னு சொல்லுங்க” என்று பதில் வந்தது. இப்போது பாஜிக்குக் குவைத்தில், அப்பாசியாவில், ஏதோ பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை என்று காக்கா சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. அதனால் அவர் சொன்னதாகவே எழுதுகிறேன்.

நான் பாஜியைக் கடைசியாகப் பார்த்தது கடிதத்துக்கு மறுவாரம், புதன்கிழமை. ஒப்படைப்பு. கிளப்பின் பெயரிலிருந்த பதினான்கு ரிவால்வர்களையும் மேனேஜர் நேரில் பெற்றுக் கையெழுத்திட வேண்டும். பாஜி நீளமேசையில் பச்சைத் துணி விரித்து, பதினான்கையும் உருளை திறந்த நிலையில் வரிசையாக வைத்திருந்தார். காலை பதினோரு மணி. வளையல் போட்டிருந்தார். வேலை நேரத்தில் அவர் கையில் வளையலை நான் பார்த்தது அன்றுதான்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். பட்டியலை ஒரு பார்வை பார்த்தார். “எல்லாம் கரெக்டா வச்சிருப்பீங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு மேடம். எங்க சைன் பண்ணணும்?”

“நம்பிக்கை போன வாரம் வேண்டியிருந்தது, சார். இன்னைக்கு வேண்டாம். பாருங்க.”

“என்ன பார்க்கணும்?”

“ஒரு துப்பாக்கிக்கு ஆறு அறை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் உங்க கண்ணால பாத்து, காலியான்னு வாயால சொல்லணும். அண்ணாச்சி எழுதுவாவ.”

“பதினாலுக்குமா?”

“எம்பத்தி நாலு அறை.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து கட்டம் போடத் தொடங்கினேன். வாசலில் கான் பாய் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். தற்செயலாகத்தான் நின்றார்.

மேனேஜர் முதல் துப்பாக்கியைச் சிரித்தபடியே பார்த்தார். “காலி, காலி, காலி, காலி, காலி, காலி.” பாஜி அதை வாங்கி மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தார். “நாலுதான் பாத்திய. கடைசி ரெண்டு சும்மா சொன்னது.” இரண்டாவதில் சிரிப்பு இல்லை. நாலாவதில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஏழாவதில் வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் ஒவ்வொரு அறை வழியாகவும் வந்து அவர் கன்னத்தில் வட்டம் வட்டமாக விழுந்தது. ‘காலி’ என்ற சொல்லும் என் பேனா கட்டத்தில் கீறும் சத்தமும் மட்டும்தான் கேட்டன.

நான் எண்ணிக்கொண்டு வந்தேன். எழுபத்தோராவது அறை, பன்னிரண்டாவது துப்பாக்கியில் ஐந்தாவது. மேனேஜர் ‘கா’ என்று தொடங்கி நிறுத்தினார். துப்பாக்கியை இறக்கினார். சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“இதைச் சரியா பார்க்கலை, மேடம்” என்றார். “ஒரு நிமிஷம்.”

“மெதுவாப் பாருங்க சார்” என்றார் அவர். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அன்று காலை எட்டரை மணிக்கே அவருடைய விசாவை ரத்துசெய்யும் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.